அச்சுக்கு மை இடும் காலம்

கும்பகோணத்தின் குறுகலான தெருமுனை ஒன்றில் பழைய மாருதி 800 ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது முன்சக்கரத்துப் பக்கமிருந்து ‘டக் டக் டக்’ என்று சத்தம் வந்தால், யாரும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. ‘ஆக்சில் போயிடுச்சு’ என்று டீக்கடையில் நிற்பவரே சொல்லிவிடுவார். ஏன் போயிற்று என்பதில்தான் வழக்கு. ரோடு சரியில்லை என்பார் ஒருவர். அம்பாசடர் மாதிரி வருமா, இதெல்லாம் தகர டப்பா என்பார் அடுத்தவர். அந்தக் காலத்துப் பட்டறைக்காரர் எதையும் லேத்தில் கொடுத்துச் சரிசெய்வார், இப்போதுள்ளவர்களுக்குக் கழற்றி மாட்டத்தான் தெரியும் என்பது மூன்றாவது கட்சி. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் காவிரிப் படுகையில் அச்சு என்ற உறுப்பை மக்கள் எப்படி வைத்துப் புழங்கினார்கள் என்ற நீண்ட கதையைப் பார்த்தால், மூன்று கட்சியும் பழியை இடம் மாற்றிப் போடுவது தெரியும். அச்சு தேயும் பொருள் என்பது இங்கே எல்லாக் காலத்திலும் தெரிந்த செய்தி. தேய்வதற்கு முன்னால் செலவு செய்வதா, உடைந்த பின்னால் செய்வதா என்பதில்தான் வழக்கம் மாறியது. உடைந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் மோட்டாரோடு வந்தது. சுமார் எழுபது ஆண்டுகள் அது செல்லுபடியானது. செல்லுபடிக் காலம் முடிந்த பிறகும் அதை நாம் விடவில்லை. இன்றைய சத்தத்துக்கு அதுதான் காரணம் என்பது என் வாதம்.

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ ஓர் உவமை தேடுகிறார். அவருக்குக் கிடைத்தது உமணர் வண்டி. உப்பு ஏற்றிச் செல்லும் அந்த வணிகர்கள் வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வழியில் என்ன நேருமோ என்ற முன்யோசனை. அந்த மாற்று அச்சைப் போன்றவன் இந்த இளைஞன் என்கிறார். பாட்டின் நாயகன் தகடூர்க்காரன், காவிரிக் கரையோடு அவனுக்கு ஒட்டில்லை என்று சொல்லலாம். சொல்வது சரி. ஆனால் உப்பு தகடூரில் விளையாது. கடற்கரையிலிருந்துதான் உள்நாட்டுக்கு வண்டி கட்டிப் போக வேண்டும். டெல்டாவின் தென்கிழக்கு மூலையில் வேதாரண்யம் இன்றும் உப்பளப் பூமி. மேலும், கேட்பவருக்குச் சட்டென்று விளங்காத உவமையை ஒரு புலவர் அரசவையில் சொல்ல மாட்டார். அச்சு முறியும், ஆகவே முறிவதற்கு முன்பே இன்னொன்று கையில் இருக்க வேண்டும் என்பது அன்றைக்கே பொது அறிவாக இருந்திருக்கிறது. முறிந்த அச்சை எப்படி ஒட்டுவது என்பதைப் பற்றி அந்தப் பாட்டுக்குக் கவலையில்லை.

மாட்டு வண்டியின் அச்சு சுழலாது. அச்சு அசையாமல் கிடக்க, அதன் முனையில் சக்கரத்தின் குடம் சுழலும். கழன்று விழாமல் கடையாணி தடுக்கும். ஆகவே தேய்வெல்லாம் குடத்துக்கும் அச்சு முனைக்கும் இடையில்தான். அங்கே இடுவதற்கென்றே ‘வண்டி மை’ இருந்தது. வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து, வண்டியோடே தொங்கவிட்டிருப்பார்கள். நெல் மூட்டை ஏற்றிய வண்டி கீச்சிட்டால் வண்டிக்காரனுக்குத்தான் கேவலம். மை இடாதவன் என்று ஊர் சிரிக்கும். அதனால் சத்தம் வருவதற்கு முன்பே, பயணத்துக்கு முன்பே, கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தை நகர்த்தி மை இடுவது ஒழுங்கு. இந்தப் படுகையில் அந்த ஒழுங்குக்கு மண்ணும் ஒரு காரணம். வண்டல் நிலத்தில் சாலைக்குப் போடக் கல் கிடையாது. ராஜராஜன் தன் கோயிலுக்கான கருங்கல்லையே வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டியிருந்தது; வண்டிப் பாதைக்கு யார் கொண்டுவரப் போகிறார்கள்? ஐப்பசி கார்த்திகையில் களிமண் குடம் வரைக்கும் ஏறும். மை கரைந்த இடத்தில் சேறு புகும், சேற்றிலுள்ள மணல் மரத்தை அரம்போல் தின்னும். எண்ணெய்ப் பசை உள்ளே இருக்கும்வரை மணல் வெளியே நிற்கும் என்ற இந்த எளிய விதி, பின்னால் முன்சக்கர இயக்கக் காரிலும் மாறாமல் வரப்போகிறது.

மை இடுவது வண்டிக்காரன் வேலை. அச்சை மாற்றுவதும் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதும் தச்சர், கொல்லர் வேலை. இவர்களுக்குக் கூலி வந்த விதத்தை வாதத்தின் மையமாகவே வைக்க விரும்புகிறேன். தஞ்சைக் கிராமங்களில் 1950களின் தொடக்கத்தில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப் போன்றவர்கள் பதிவு செய்தபடி, ஊர்த் தொழிலாளிகளுக்கு அறுவடைக் களத்திலேயே நெல்லில் ஒரு பங்கு அளக்கப்பட்டது. சுதந்திரம் என்று அதற்குப் பெயர். வண்டி உடைந்ததா இல்லையா என்று பார்த்து அளப்பதில்லை. உடைந்தாலும் உடையாவிட்டாலும் ஆண்டுக்கு இவ்வளவு. கணக்குப் பார்த்தால், பராமரிப்புக்கான பணம் பழுதுக்கு முன்பே கைமாறிவிட்டது. தச்சருக்கு அடிக்கடி உடையும் வண்டியால் லாபமில்லை, வேலைதான் கூடும். ஆகவே உடையாமல் பார்த்துக்கொள்வதில் இரு தரப்புக்கும் அக்கறை இருந்தது. இதைச் சொன்னால், சாதிப் படிநிலையில் கட்டுண்ட ஒரு முறையைப் பொற்காலமாக்குகிறாயா என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அந்த நெல் பல இடங்களில் அரைவயிற்றுக் கூலி. வேறு ஊருக்குப் போய்ப் பிழைக்கும் உரிமையில்லாத கூலி. தச்சரின் மகன் அதை விட்டுவிட்டு பஸ் பட்டறைக்குப் போனபோது அவன் இழந்ததைவிடப் பெற்றது அதிகம். நான் எடுத்துக்கொள்வது அந்த முறையின் நியாயத்தை அல்ல, அதன் காலக் கணக்கை மட்டும்: செலவு முதலில், பழுது பிறகு.

மாற்றத்தின் முதல் விதை ரயில். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-ல் ரயில் வந்தது. நாகையில் ரயில்வே பட்டறை எழுந்து, பிறகு 1928-ல் பொன்மலைக்கு இடம் மாறியது. இரும்பைக் கடைசல் பிடிக்கவும், அச்சில் சக்கரத்தை அழுத்தி ஏற்றவும் தெரிந்த கைகள் இந்த வட்டாரத்தில் உருவாயின. வண்டி அச்சும் மரத்திலிருந்து இரும்புக்கு மாறிவந்தது. அடுத்து மோட்டார். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-ல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். பஸ் என்றால் அதைப் பிரித்து மாட்டும் இடமும் வேண்டும். கும்பகோணம் தனியார் பஸ் முதலாளிகளின் ஊராக வளர்ந்தது. ராமன் அண்ட் ராமன் பஸ்களை அரசுடைமையாக்கித்தான் 1972-ல் அங்கே சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கியது. பஸ்ஸிலும் லாரியிலும் கழித்துப்போட்ட அச்சு, பேரிங், டயர் எல்லாம் மாட்டு வண்டிக்கு இறங்கி வந்து டயர் வண்டி ஆயிற்று. ஒரு வாகனத்தின் குப்பை இன்னொன்றின் முதலீடு. பழைய இரும்புக் கடை, லேத், வெல்டிங் மூன்றும் ஒரே தெருவில் அமைந்தன. உடைந்த பின் கொண்டு வா, சரிசெய்து தருகிறேன் என்ற வாக்குறுதி அந்தத் தெருவுக்கு உரியது.

அந்த வாக்குறுதி ஏன் பலித்தது என்று பார்க்க அம்பாசடரின் அடிவயிற்றைப் பார்த்தால் போதும். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டை வைத்து உத்தரபாராவில் 1950களின் கடைசியிலிருந்து செய்யப்பட்ட அந்தக் காரில், எஞ்சின் முன்னால், இழுவை பின்னால். நடுவில் நீண்ட புரொபெல்லர் ஷாஃப்ட், அதன் முனையில் ‘கிராஸ்’ என்கிற மூட்டு, பின்னால் ஒரே குழாய்போன்ற பருத்த அச்சு. முன்சக்கரம் திரும்பும், பின்சக்கரம் தள்ளும். இரண்டு வேலையும் ஒரே சக்கரத்தில் சேராததால் எந்த மூட்டும் பெரிய கோணத்தில் சுழல வேண்டியதில்லை. கிராஸ் தேய்ந்தால் கிராஸை மட்டும் தட்டி எடுத்து மாற்றலாம். பேரிங் அமரும் இடம் தேய்ந்தால் வெல்டிங் வைத்துக் கடைசல் பிடிக்கலாம். உறுப்புகள் தேவைக்கு மேல் தடிமனாக இருந்ததால் துல்லியம் கொஞ்சம் தவறினாலும் வண்டி ஓடியது. சென்னைக்கு அருகே செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இதில் ஒரு விலகல்; அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும். அதற்கடுத்து 1972-ல் வந்த கெஸலில் அதே கம்பெனி பழைய ஒற்றை அச்சுக்கே திரும்பிவிட்டது. நம் ஊர்ப் பட்டறைக்கும் சாலைக்கும் எது தோது என்று ஆலைக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. ஆக அந்த மெக்கானிக்குகளின் கைத்திறனைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். ஆனால் அந்தத் திறன் பலித்ததற்கு அந்த அச்சின் பெருந்தன்மையும் பாதிக் காரணம்.

இழுப்பதும் திரும்புவதும் தனித்தனியாக இருந்தால் எவ்வளவு வசதி என்பதற்குத் திருவாரூர் ஆழித் தேரைவிடப் பெரிய சான்று தேவையில்லை. அலங்கரித்தபின் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. அதன் அச்சு திரும்பாது. வடத்தைப் பிடித்து இழுப்பவர்கள் இழுக்க, நான்கு வீதி முனைகளிலும் அதைத் திருப்புவது முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கைவேலை. சக்கரத்தடியில் எந்தப் பக்கம், எந்த நொடியில் கட்டையைத் தள்ளுவது என்பதில்தான் அத்தனை டன்னும் வளைகின்றன. இழுவை ஒருவர் பொறுப்பு, திருப்பம் இன்னொருவர் பொறுப்பு. இரண்டையும் ஒரே சக்கரத்தில் வைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியை மேற்கத்தியக் கார்ப் பொறியாளர்கள் 1920களில் எடுத்துக்கொண்டார்கள். சாதாரணக் கிராஸ் மூட்டைக் கோணத்தில் சுழற்றினால் மறுமுனை ஒரே வேகத்தில் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். கோணம் கூடக் கூட ஸ்டியரிங்கே உதறும். ஃபோர்டில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ர்செப்பா என்ற பொறியாளர் இதற்கு ஒரு வழி கண்டார். கிண்ணத்துக்குள் ஒரு குமிழ். இரண்டிலும் வளைந்த தடங்கள். நடுவே ஆறு எஃகுக் குண்டுகள். அவற்றைப் பிடித்து நிறுத்தும் ஒரு கூடு. எந்தக் கோணத்திலும் குண்டுகள் அந்தக் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே நிற்பதால் இரு முனையும் ஒரே வேகத்தில் சுழலும். நம் பட்டறைகள் சிவி ஜாயின்ட் என்று சொல்வது இதைத்தான். பிரிட்டனில் 1959-ல் வந்த மினி இந்த மூட்டைச் சின்னக் காரின் சொத்தாக்கியது.

இந்தியாவின் பெருவாரிச் சாலைகளுக்கு அதைக் கொண்டுவந்தது மாருதி 800. 1983 டிசம்பர் 14 அன்று முதல் கார் கைமாறியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சக்கர இழுவை. விலை ஏறத்தாழ 50,000 ரூபாய். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றபோது மொத்தம் 28 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டிருந்தன. டெல்டாவுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. புகை விதிகள் இறுகியதால் 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் அதன் விற்பனை நின்றது. தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அதன் கடைசி நாள்களை அனுபவித்தவை இத்தகைய ஊர்கள்தான். அந்தக் கடைசிக் காருக்கே 2029-ல் பதினைந்து வயது முடியும். பதிவைப் புதுப்பிக்கும் மத்தியக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு 2022 ஏப்ரலில் உயர்ந்த பிறகும், கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர ஒரு வண்டி வேண்டும் என்று பலர் இதை வைத்திருக்கிறார்கள். வைத்திருப்பது நல்லதுதான். எப்படி வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

முதல் கட்சிக்காரரிடம் வருவோம். ரோடு சரியில்லாததால் ஆக்சில் போகிறது என்பது மாட்டு வண்டியிலிருந்து வந்த உள்ளுணர்வு. மாட்டு வண்டியிலும் அம்பாசடரின் பின்பக்கத்திலும் அச்சுதான் பாரம் சுமக்கும். பள்ளத்தில் விழுந்தால் அடி அச்சில் விழும். மாருதியின் முன் ஆக்சில் பாரம் சுமப்பதில்லை. காரின் எடையைச் சுமப்பவை சக்கரப் பேரிங்கும் சஸ்பென்ஷனும்; ஆக்சில் எஞ்சினின் திருகுவிசையை மட்டும் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது. பள்ளத்தின் அடியால் பேரிங் இரையும், பால் ஜாயின்ட் ஆடும், ரிம் கோணும். ‘டக் டக்’ வராது. அந்தச் சத்தம் வருவதற்கு ஏறத்தாழ எல்லா நேரத்திலும் ஒரே முன்கதைதான். மூட்டைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் இருக்கும். உள்ளே மாலிப்டினம் கலந்த கரிய கிரீஸ், ஆயுளுக்கும் போதுமான அளவு. பூட் கிழிகிறது, சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்து ரிம்மின் உட்புறத்தில் அப்புகிறது, தண்ணீரும் மணலும் உள்ளே போகின்றன. குண்டு ஓடும் தடம் குழி விழுகிறது. ஸ்டியரிங்கை ஒடித்து ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது குண்டுகள் அந்தக் குழிகளில் ஏறி இறங்குவதுதான் காதில் விழுகிறது. கிழிசலுக்கும் சத்தத்துக்கும் இடையே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

டெல்டாவில் அந்தப் பூட் ஏன் கிழிகிறது என்பதற்கு இந்த மண் தரும் காரணங்கள் உண்டு. ரப்பருக்கு வயது முதல் எதிரி. பத்து வெயில் கண்டால் மடிப்பில் தானே வெடிக்கும். அதற்கு மேல், ஆற்றங்கரை மேல் போகும் ஒற்றைவழிச் சாலைகள். எதிரே டிராக்டர் வந்தால் மதகு வரை பின்னால் போய் ஒடித்துத் திரும்ப வேண்டும்; முழுக்க ஒடித்த நிலையில்தான் பூட்டின் மடிப்பு மிக அதிகமாக நசுங்கி விரியும். அதற்கும் மேல் சாலையே களமாவது. சம்பா அறுவடைக்குப் பிறகு நெல் காய்வதும், வயல் ஈரத்தில் விதைத்த உளுந்தும் பயறும் பங்குனி சித்திரையில் செடியோடு சாலையில் பரப்பப்பட்டு வண்டிச் சக்கரங்களால் அடிபடுவதும் இங்கே வழக்கம். உலர்ந்த கொடியும் வைக்கோலும் சுழலும் ஆக்சிலில் நூற்கண்டுபோல் சுற்றிக்கொண்டு பூட்டின் பட்டைக் கிளிப்பை அறுக்கும். ஆயில் சீலையும் விடாது. ஒரு காலத்தில் அச்சைக் காக்க மையாகக் குழைந்த அதே வைக்கோல்! ரோடு சரியில்லை என்பவர் இந்த அளவுக்குச் சரி: குற்றம் பள்ளத்தில் இல்லை, பரப்பி வைத்ததில் உண்டு. உலர்களம் போதாத விவசாயியை இதற்காகத் திட்டவும் முடியாது.

அம்பாசடர் கட்சிக்கு முன்பே பதில் சொல்லியாயிற்று. இனி மூன்றாவது கட்சி, லேத் கட்சி. பழைய கைகள் இருந்திருந்தால் இந்த மூட்டையும் சரிசெய்திருப்பார்களா? முயன்றிருக்கிறார்கள், இன்றும் முயல்கிறார்கள். தடத்தில் வெல்டிங் வைத்து அரைப்பது, கொஞ்சம் பெரிய குண்டு போடுவது எல்லாம் நடக்கும். நிலைக்காது. காரணம் திறமைக் குறைவு இல்லை, பொருளின் தன்மை. தடத்தின் மேல்தோல் மட்டுமே கடினப்படுத்தப்பட்டது. அந்தத் தோல் தேய்ந்தால் அடியில் இருப்பது மெத்தென்ற எஃகு. வெல்டிங் சூடு மிச்சத் தோலையும் இளக்கிவிடும். ஆறு குண்டும் ஒரே நேரத்தில் பாரம் ஏற்க வேண்டிய இடத்தில் முடி அளவு வித்தியாசம் போதும், இரண்டு குண்டே முழுச் சுமையையும் தாங்க நேரும். இதில் பட்டறைக்காரர் கண்ட உண்மையான சாமர்த்தியம் ஒன்று உண்டு: வெளிமூட்டுகளை இடம் வலமாக மாற்றிப் போடுவது. முன்னோக்கி ஓடும்போது தடத்தின் ஒரு பக்கச் சுவரே தேயும். பக்கம் மாற்றினால் தேயாத சுவருக்கு வேலை போகும். சத்தம் கொஞ்ச காலம் அடங்கும். கூர்ந்த அறிவு அது, ஆனாலும் தவணை வாங்கும் உபாயம்தான். அம்பாசடர் காலத்து வாக்குறுதியை இந்த மூட்டில் யாரும் நிறைவேற்ற முடியாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. அதைப் பட்டறைக்காரர்களே சொல்வார்கள். பூட்டை மாற்றுவதற்கும் ஆக்சிலைக் கழற்றத்தான் வேண்டும். ஹப் நட்டை அவிழ்த்து, பால் ஜாயின்ட்டைப் பிரித்து, கியர் ஆயிலை வடித்து, இத்தனையும் செய்த பிறகு இருபது வயது மூட்டில் புது ரப்பரை மாட்டுவானேன்? சத்தம் வரும்வரை ஓட்டு, வந்ததும் முழு ஆக்சிலாகவே மாற்று. கூலி ஒரே கூலி. கூலி மிக அதிகமான நாடுகளில் இந்தக் கணக்கு சரியாக வரும். இங்கே கூலி சின்னது, பாகம்தான் பெரிய செலவு. மேலும் கடையில் மலிவாகக் கிடைக்கும் மாற்று ஆக்சில்களின் எஃகும் ரப்பரும் பல நேரம் கம்பெனி மூட்டின் தரத்துக்கு வருவதில்லை. நன்றாக இருக்கும் பழைய மூட்டைப் புதுப் பூட்டோடும் கிரீஸோடும் காப்பாற்றுவதே நீண்ட ஓட்டம். இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தேய்ந்த மூட்டு ஒருநாள் முறிந்தால் கார் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு வீடு வராது. டிஃபரன்ஷியல் சுழற்சியை எல்லாம் முறிந்த பக்கத்துக்கே விட்டுவிடும். நல்ல ஆக்சில் இருந்தும் கார் நகராது. நள்ளிரவில் திருத்துறைப்பூண்டிச் சாலையில் நிற்பதன் செலவை எந்த மெக்கானிக்கின் சிட்டையும் காட்டாது.

கடைசியாக ஒரு வருத்தம் எஞ்சும். ஊர்த் தச்சர் செதுக்கிய அச்சு நம்முடையது. எங்கோ ஆலையில் அடைத்து வரும் மூட்டு நம் கையை விட்டுப் போனதில்லையா? போனதுதான். ஆனால் அது மாருதியோடு போகவில்லை. இரும்பு அச்சு ரயிலில் இறங்கிய நாளிலேயே போகத் தொடங்கிவிட்டது. அதில் தீட்டு என்று டெல்டா எதையும் ஒதுக்கவுமில்லை. பல ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்த ஆழித் தேர் 1970-ல் மீண்டும் ஓடியது. அதற்குத் திருச்சி பெல் ஆலையின் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தப்பட்டன. வடம் பிடிக்கும் கைகள் குறையவில்லை, முட்டுக்கட்டைக்காரரின் நுட்பமும் வேலை இழக்கவில்லை. அச்சு எங்கே செய்யப்பட்டது என்பதைவிட, ஓட்டத்துக்கு முன் அதைச் சோதிக்கிறார்களா என்பதே அங்கே பெரிது. தேர் ஓடும் நாளுக்கு முன்பே அச்சையும் சக்கரத்தையும் பார்க்கிறோம். அதே ஊரில் நிற்கும் காருக்குச் சத்தம் வரட்டும் என்று காத்திருக்கிறோம்.

ஆகவே பழைய சின்னக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழை விட்ட தை மாதத்தில் ஒரு முறை, உளுந்து அடித்து முடிந்த சித்திரையில் ஒரு முறை, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் நான்கு பூட்டையும் பாருங்கள். வைக்கோல் சுற்றியிருந்தால் அறுத்து எடுங்கள். மடிப்பில் வெடிப்போ, ரிம்மின் உட்புறத்தில் கறுப்புக் கிரீஸோ தெரிந்து, சத்தம் இன்னும் வராமல் இருந்தால், அந்த வாரமே பூட்டையும் கிரீஸையும் மாற்றச் சொல்லுங்கள். கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பி கட்ட விடாதீர்கள். சத்தம் ஏற்கெனவே வந்துவிட்டதா? அப்படியானால் புது கிரீஸ் அடைத்து ஏமாற வேண்டாம், மூட்டை மாற்றிவிடுங்கள்.